சொந்தக் காரணம் எதுவும் இல்லை

அந்த மாதத்தில் அலுவலகத்தில் கேக் வாசனை வந்தாலே, யாருடைய பெயர் என்று எட்டிப் பார்ப்பேன்.

எங்கள் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வேலையை விட்டுப் போனால், அவருடைய கடைசி நாளன்று சாயங்கால டீ நேரத்தில் கேக் வெட்ட வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட் முனையில் இருக்கும் பேக்கரியிலிருந்து அட்டைப்பெட்டி வரும். வெள்ளைக் கிரீமின் மேல் சிவப்பு எழுத்தில் 'ஆல் தி பெஸ்ட்', அதற்குக் கீழே போகிறவரின் பெயர். அவர் நடுவில் நின்று, சொந்தக் காரணங்களுக்காக விடைபெறுவதாகவும் இந்த நிறுவனம் தனக்கு இரண்டாவது குடும்பம் என்றும் சொல்வார். நாங்கள் கை தட்டுவோம். காகிதத் தட்டில் ஆளுக்கு ஒரு துண்டு வாங்கிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வோம்.

முன்பெல்லாம் அது எப்போதாவது வரும் சந்தோஷம். வேறு கம்பெனியில் நல்ல சம்பளம், கல்யாணம், வெளிநாடு என்று போகிறவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். அந்த மாதம் கேக் அடிக்கடி வர ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஒரே கேக்கில் இரண்டு பெயர் எழுதி வந்தது. "இந்த ஏரியாவுல பேக்கரிக்காரருக்கு மட்டும்தான் நல்ல காலம் போல" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். சிரிப்பு வந்தது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஒரே மாதத்தில் இத்தனை பேருக்கு எப்படிச் சொந்தக் காரணம் வந்து சேர்ந்தது என்றும் யாரும் கேட்கவில்லை. போகிறவரின் முகத்தைப் பார்க்காமல் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறவள். மற்றவர்கள் எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல எனக்குச் சம்பளம். விருதுநகர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி ஆவடிக்கு வந்தேன். பருத்திப்பட்டில் ஒரு ஃப்ளாட் வாங்கி, மாதாமாதம் அதற்கு வங்கிக்கு அழுதுகொண்டிருக்கிறோம். கணவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறார். அவருடைய அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில் பிறந்து, குவார்ட்டர்ஸில் கிரிக்கெட் ஆடி, அதே கேட்டுக்குள் வேலைக்குப் போனவர் என் கணவர். வேலை என்பது அவருக்கு ரேஷன் கார்டு மாதிரி, ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் ஏறியதுதான்.

என் முறை ஒரு புதன்கிழமை வந்தது. ஐப்பசி மழை காலையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. மேனேஜர் என் இருக்கைக்கு வந்து, "அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்றார். லேப்டாப்பை எடுத்துக்கொள்ளப் போனேன். "வேண்டாம், அங்கேயே இருக்கு" என்றார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அதுவரை எந்தக் கூட்டத்துக்கும் எனக்கு வேறு யாரும் லேப்டாப் வைத்துத் தந்ததில்லை.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஹெச்ஆரில் இருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட வயதில் நன்றாகக் குறைந்தவள். மேசை மேல் தண்ணீர் பாட்டில், டிஷ்யூ டப்பா, திறந்து வைத்த லேப்டாப். திரையில் ராஜினாமா பக்கம் தயாராக இருந்தது. காரணம் என்ற இடத்தில் ஏற்கெனவே 'சொந்தக் காரணங்கள்' என்று தேர்வு செய்து வைத்திருந்தார்கள். நான் செய்ய வேண்டியது ஒரு பட்டனை அழுத்துவது மட்டும்தான்.

"உங்க பெர்ஃபார்மன்ஸ் எதிர்பார்த்த அளவுக்கு இல்ல மேம்" என்றாள்.

"போன மதிப்பீட்டுல நல்லா பண்ணியிருக்கேன்னு எழுதியிருக்கீங்களே. அது யாரைப் பத்தி?" என்றேன்.

மேனேஜர் டிஷ்யூ டப்பாவைப் பார்த்தார். அவள் மனப்பாடம் செய்ததைத் தொடர்ந்தாள். நானாக விலகினால் நல்ல சான்றிதழ் கிடைக்குமாம். அவர்களாக அனுப்பினால் அது அடுத்த வேலைக்கான பின்னணிச் சோதனையில் வருமாம், அப்புறம் எந்தக் கம்பெனியும் என்னைத் தொடாதாம். அறையை விட்டுப் போவதற்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "இதை யார்கிட்டயும் டிஸ்கஸ் பண்ணாதீங்க மேம். கம்பெனியிலேயே நீங்க ஒருத்தர்தான். வெளிய தெரிஞ்சா உங்களுக்குத்தான் சங்கடம்" என்றாள்.

பயந்தேன். பயப்படவில்லை என்று இன்றைக்குக் கதை விட மாட்டேன். வங்கி ஞாபகம் வந்தது. மகளின் பள்ளி ஞாபகம் வந்தது. விரல் ஒருமுறை லேப்டாப் பக்கம் போனது. என்னைக் காப்பாற்றியது வீரமில்லை, எரிச்சல். என் காரணத்தை எனக்கு முன்னால் அவர்கள் தேர்வு செய்து வைத்திருந்தார்களே, அந்த எரிச்சல்தான்.

"வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்" என்று எழுந்தேன்.

"மேம், உங்க கரியர் பத்தி நீங்கதானே முடிவு எடுக்கணும்? நீங்க இண்டிபெண்டண்ட் உமன்."

"முடிவை நான்தான்மா எடுப்பேன். இந்த ரூம்ல எடுக்க மாட்டேன்."

இதைப் படிக்கிறவர்களில் யாரோ ஒருவர் நாளைக்கே அப்படி ஓர் அறைக்குள் போகலாம். அவருக்காகச் சொல்கிறேன். அந்த அறையில் எதையும் அழுத்தாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அழுகை வந்தால் அழுதுகொள்ளுங்கள், டிஷ்யூ அவர்கள் காசுதான். ஆனால் அவசரம் அவர்களுடையது, உங்களுடையது இல்லை. உங்களை உட்கார வைக்கலாம், மிரட்டலாம், நல்ல வார்த்தை சொல்லலாம். உங்கள் விரலை எடுத்து அவர்கள் அழுத்த முடியாது. முடியும் என்றால் இத்தனை நாடகம் எதற்கு?

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கணவர் பால்கனியில் தண்ணீர் தேங்கும் குழாயைக் குச்சி விட்டுக் குத்திக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னா ஆச்சு? மூஞ்சி ஒரு மாரி கீது?" என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"மெமோ குட்தாங்களா?"

"இல்ல."

"என்கொய்ரி வெச்சாங்களா?"

"அதெல்லாம் எங்க ஆபீஸ்ல கிடையாதுங்க."

"மெமோ இல்லாம, என்கொய்ரி இல்லாம எப்டி ஒரு ஆளை ஊட்டுக்கு அனுப்புவான்?" என்று யோசித்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். "உண்மைய சொல்லு. நீ இன்னா தப்பு பண்ணே?"

அந்த அறையில் வராத அழுகை எனக்கு அங்கே வந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருடைய உலகத்தில் ஒருவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றால் அவன் பெரிதாக ஏதாவது செய்திருக்க வேண்டும். சாமானைத் திருடியிருக்க வேண்டும், இல்லை மேலதிகாரி மேல் கை ஓங்கியிருக்க வேண்டும். தப்பே செய்யாத ஆளை ஒரு கம்பெனி வெளியே தள்ளும் என்பதை நம்ப அவருக்கு இடமில்லை. எனக்கே அன்று மத்தியானத்திலிருந்து அதே சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயாவது ஒரு ஓட்டையைப் பார்க்காமல் விட்டேனா, யாரிடமாவது கடுமையாகப் பேசினேனா, பத்து மாதம் முன்னால் மகளுக்கு டெங்கு வந்தபோது போட்ட லீவா? கம்பெனி பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பாதியை நாமே நம் மேல் செய்துகொள்கிறோம்.

"ஒரு தப்பும் பண்ணலை" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து ஃப்ளாட்டில் டிவி சத்தம் குறைந்தது.

அடுப்படிக்குப் போய் அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை அதிகம். "அப்போ எழ்திக் கேளு" என்றார். "இன்னா தப்புனு எழ்தித் தரச் சொல்லு. வாயால சொல்றது நாளைக்கு காத்தோட போய்டும்." எங்கள் அலுவலகத்துக்கும் அவருடைய தொழிற்சாலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அந்தப் பேச்சில் எனக்கு ஒரு கைப்பிடி கிடைத்தது.

மறுநாள் காலை குக்கர் சத்தத்துக்கு நடுவே மெயில் எழுதினேன். நீளமாக எழுதவில்லை, திட்டவும் இல்லை. நேற்று இன்ன அறையில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு ராஜினாமா செய்யும் விருப்பம் இல்லை. வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். என் வேலையில் குறை இருந்தால் எழுத்தில் கொடுங்கள், பதில் தருகிறேன். அவ்வளவுதான். மேனேஜருக்கும் ஹெச்ஆருக்கும் அனுப்பினேன். எனக்கு வந்த பழைய மதிப்பீட்டுக் கடிதங்களையும் சம்பளச் சீட்டுகளையும் வீட்டில் எடுத்து வைத்தேன். அவை என்னுடையவை. கம்பெனியின் சாமான் ஒரு குண்டூசியைக்கூடத் தொடவில்லை. நம் பக்கம் சுத்தமாக இருந்தால்தான் நாம் சத்தமாகப் பேச முடியும்.

அப்புறம் வேன் வந்தது.

எங்களைப் போன்றவர்களுக்காக ஓடும் தனியார் வேன் அது. கோவில்பதாகையில் கிளம்பி, சேக்காட்டில் ஆள் ஏற்றி, பருத்திப்பட்டைச் சுற்றிக்கொண்டு, சிடிஎச் ரோட்டைப் பிடித்து அம்பத்தூர் போகும். வேனில் பேச்சு கிடையாது. ஏறினதும் எல்லோரும் காதில் ஹெட்போனைச் செருகிக்கொள்வோம். வருடக்கணக்காகத் தோள் உரச உட்கார்ந்து வந்தாலும், பக்கத்தில் இருப்பவரின் மாமனார் இறந்ததுகூட வாட்ஸப் ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் தெரியும். இப்படி ஓர் இனம் உலகத்தில் வேறு எங்கேயும் இருக்காது. ஒரே கம்பெனி, ஒரே வேன், ஒரே பயம், ஆளுக்கு ஒரு தனிப் பாட்டு.

அன்று நான் ஹெட்போனை எடுக்கவில்லை. ஆவடி செக்போஸ்ட் தாண்டியதும், முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நேத்து என்னை ரூம்ல உக்கார வச்சு ரிசைன் பண்ணச் சொன்னாங்க. நான் பண்ணலை" என்றேன்.

முதலில் யாருக்கும் கேட்கவில்லை. காதெல்லாம் அடைத்துத்தானே இருந்தது. இன்னொரு முறை சொன்னேன். ஒருவர் ஹெட்போனைக் கழற்றினார், இன்னொருவர் கழற்றினார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்துவிட்டேனே என்று எனக்குக் காது சூடாகியது. எங்கள் ஆபீஸில் கூச்சத்தைவிட வேகமாகப் பரவுவது எதுவும் கிடையாது.

என் பக்கத்து சீட்டில் எப்போதும் சேக்காட்டில் ஏறும் ஒருவர் உட்காருவார். சேலத்துக்காரர், என்னைவிடச் சின்னவர், அடுத்த டீம். அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அக்கா, என்கிட்டயும் சொன்னாங்க. போன வாரம். நீங்க ஒருத்தர்தான்னு சொன்னாங்க" என்றார்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"அழுத்திட்டேன்கா."

அவர் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. விலகுவதற்கு முந்தைய நோட்டீஸ் காலம் ஓடிக்கொண்டிருந்தது. பின் சீட்டிலிருந்து கோவில்பதாகைப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, தன்னிடமும் அதே வார்த்தையைச் சொன்னதாகவும், திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டிருப்பதாகவும் சொன்னாள். அவளிடமும் நீங்கள் ஒருவர்தான் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஒரே வேனில் மூன்று 'ஒருத்தர்'. எனக்கு வந்த கோபத்தில் கம்பியைப் பிடித்த கை வலித்தது.

டிரைவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "அடப்பாவிங்களா! அத்தான் போன மாசத்திலேர்ந்து சீட்டு காலியாகினே கீதா? நான் அல்லாரும் வேற வண்டி புட்சிட்டாங்கனு நென்ச்சிகினு கீறேன்கா. கடுப்புல ஃபோன்கூட பண்ணல அவங்களுக்கு" என்றார்.

வேலை போனவர்களுக்கு வேன்காரரிடம் சொல்லிக்கொண்டு போகக்கூட வெட்கமாக இருந்திருக்கிறது. அவரோ தன்னைத்தான் விட்டுவிட்டுப் போனார்கள் என்று மனதில் வைத்துக்கொண்டிருந்தார். காதும் காதும் வைத்த மாதிரி இரு என்று சொன்னார்களே, அதனால் யாருக்கு லாபம் என்று எனக்கு அந்த வேனில்தான் புரிந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்தால் ஒவ்வொருவரும் தன்னிடம்தான் குறை என்று நினைப்பார். சேர்ந்து உட்கார்ந்தால் கணக்கு உதைக்கும். ஆகவே என் இரண்டாவது புத்திமதி இது. வெளியே சொல்லாதே என்று யார் சொன்னாலும், முதல் வேலையாக வெளியே சொல்லுங்கள். வீட்டில் அன்றைக்கே சொல்லுங்கள். வேனில் சொல்லுங்கள். சங்கடம் அவர்களுக்குத்தான்.

கோவில்பதாகைப் பெண் திங்கட்கிழமை அழுத்தவில்லை. அவளும் என்னைப் போலவே மெயில் எழுதினாள்.

மெயிலுக்குப் பதில் வரவில்லை. பதிலாக மேனேஜர் வந்தார். "எதுக்கு இதெல்லாம் எழுத்துல? நேர்ல பேசியிருக்கலாமே" என்றார்.

"நேர்ல பேசினதைத்தான் எழுதியிருக்கேன்" என்றேன்.

அதற்கப்புறம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. முதலில் பிராஜெக்டிலிருந்து எடுத்தார்கள். பிறகு நான் வழக்கமாகத் திறக்கும் பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுத்தன. கூட்டங்களுக்கு அழைப்பு நின்றது. இருக்கையை மாற்றி, டீ மெஷினுக்குப் பக்கத்தில் போட்டார்கள். டீ எடுக்க வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்தார்கள். அங்கே உட்கார வைத்தால் அவமானத்தில் ஓடிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். நான் ஓடவில்லை. எனக்குக் காலையும் மாலையும் சூடாக டீ கிடைத்தது.

வேலை இல்லாமல் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது வேலை செய்வதைவிடக் கடினம். சில நாள் மத்தியானத்துக்கு மேல் எழுந்து போய்விடலாம் என்று கால் துடிக்கும். ஆகவே எனக்கு நானே சில விதிகள் வைத்துக்கொண்டேன். நேரத்துக்கு வருவது, நேரத்துக்குக் கிளம்புவது. நல்ல புடவை கட்டுவது. முன்பு எந்த மேசையில் சாப்பிட்டேனோ அதே மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பது, கூட யாரும் உட்காராவிட்டாலும். தினமும் காலையில் மேனேஜருக்கு, 'வந்திருக்கிறேன், வேலை கொடுங்கள்' என்று ஒரு வரி மெயில். மீதி நேரத்தில், நான் பல வருடமாகக் கற்க நினைத்துத் தள்ளிப்போட்ட தானியங்கிச் சோதனைக் கருவி ஒன்றைக் கற்றுக்கொண்டேன். அதை மட்டும் அவர்கள் கொடுத்த பரிசு என்றே சொல்வேன்.

உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. பிபி ஏறியது. ஆவடியில் டாக்டர், டென்ஷனைக் குறைங்க என்று எல்லா டாக்டரும் சொல்வதைச் சொன்னார். கணவர் சாயங்காலம் என்னைப் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு நடக்க அழைத்துப் போக ஆரம்பித்தார். அங்கே முதுகில் லேப்டாப் பையோடு, பகல் முழுக்க உட்கார்ந்திருந்த களைப்போடு எழுந்து போகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வேலை போனதை வீட்டில் சொல்லாமல் அலுவலக நேரத்தை அங்கே கழிக்கிறவர்கள். முன்பு அவர்கள் என் கண்ணில் பட்டதே இல்லை. ஒருவரிடம் போய், வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று சொல்லத் தோன்றும். முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு வழக்கறிஞரையும் போய்ப் பார்த்தோம். உங்கள் வேலை நிச்சயம் தப்பும் என்று அவர் சொல்லவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. "அவங்களா அனுப்பினா அதுக்குரிய நோட்டீஸ், அதுக்குரிய கணக்கு எல்லாம் அவங்க பொறுப்பு. நீங்களா போனா எல்லாத்தையும் நீங்களே விட்டுக்கொடுத்த மாதிரி. அவங்களே எழுதட்டும், நீங்க எழுதாதீங்க" என்றார். வேலையைக் காப்பாற்ற முடியாமல் போகலாம் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தப்பை என் தலையில் கட்டிக்கொண்டு போக மாட்டேன் என்பது மட்டும் என் கையில் இருந்தது. அதற்காகத்தான் அந்த டீ மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மார்கழியில் சேலத்துக்காரரின் கடைசி நாள் வந்தது. அதற்குள் அவர் வீட்டில் சொல்லியிருந்தார். அவர் மனைவி மூன்று நாள் பேசாமல் இருந்து, நாலாம் நாள், முதலிலேயே சொல்லியிருந்தால் அழுத்த விட்டிருக்க மாட்டேனே என்று சண்டை போட்டாளாம். அதை வேனில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் வேனில் அப்போது பேச்சு வந்திருந்தது.

சாயங்காலம் கேக் வந்தது. சிவப்பு எழுத்து, அவருடைய பெயர். எல்லோரும் சுற்றி நின்றோம். மேனேஜர் இரண்டு வார்த்தை புகழ்ந்தார். கத்தியைக் கையில் கொடுத்தார்கள்.

"எல்லாருக்கும் நன்றி. நான் சொந்தக் காரணங்களுக்காக..." என்று ஆரம்பித்தார்.

அங்கே நின்றுபோனார். யாரோ தண்ணீர் நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. டீ மெஷின் பக்கம் நின்றிருந்த என்னைப் பார்த்தார். நான் தலையைக்கூட ஆட்டவில்லை.

"சொந்தக் காரணம் எதுவும் இல்லைங்க" என்றார். "எனக்கு இந்த வேலை பிடிச்சிருந்துச்சு. என்னைப் போகச் சொன்னாங்க, போறேன். அவ்வளவுதான்."

அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர், அன்றும் அதிர்ந்து பேசவில்லை. ஆனால் அந்தத் தளத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் கத்தியைப் பெட்டிக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் கை கொடுத்துவிட்டுப் போனார். வெட்டாத கேக் ராத்திரி காவலாளிகளுக்குப் போயிருக்கும். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அன்று வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

பொங்கல் முடிந்து வந்த வாரத்தில் என் கடிதம் வந்தது. அவர்களே எழுதி, அவர்களே கையெழுத்துப் போட்ட கடிதம். நிர்வாக மாற்றங்களால் இந்தப் பணியிடம் நீக்கப்படுகிறது என்று இருந்தது. பெர்ஃபார்மன்ஸ் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. அறையில் அவ்வளவு உறுதியாகச் சொன்ன குறை, எழுத்தில் வரும்போது காணாமல் போய்விட்டது. வழக்கறிஞர் படித்துப் பார்த்து, வர வேண்டிய பணமெல்லாம் வருகிறது என்றார்.

தோற்றுவிட்டேன் என்று சிலர் சொன்னார்கள். வேலை போனது உண்மைதான். கோவில்பதாகைப் பெண்ணுக்கு வேலை தப்பியது, அவளை வேறு டீமுக்கு மாற்றினார்கள். எனக்குத் தப்பவில்லை. அதற்காக அந்த மாதங்களை வீண் என்று சொல்ல மாட்டேன். பயந்து ஓடுவதற்கும் கதவு வரை நடந்து போவதற்கும் உள்ள வித்தியாசம் நடந்தவளுக்குத் தெரியும்.

கடைசி நாள் மத்தியானம் மேனேஜர் டீ மெஷின் பக்கம் வந்தார். பாவம், அவரும் இளைத்திருந்தார். அவரையும் யாரோ ஓர் அறைக்குக் கூப்பிடுகிற நாள் வரும் என்று அவருக்கும் தெரியும்.

"சாயங்காலம் கேக் சொல்லலாம்னு இருக்கேன். வழக்கம்போல உங்க பேர் போட்டு..." என்றார்.

"என் பேர் வேண்டாம் சார். நானா ஒண்ணும் போகலையே. 'நாங்கதான் அனுப்பினோம்'னு எழுதச் சொல்லுங்க. நானே வெட்டறேன்" என்றேன்.

கேக் வரவில்லை. ஆனால் சாயங்காலம் ஒவ்வொருவராக டீ எடுக்க வந்து, இந்த முறை கோப்பையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் டப்பாவிலிருந்து நாலு முறுக்கை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். அதை வேனில் பகிர்ந்து தின்றோம், டிரைவருக்கும் ஒன்று.

அதற்கடுத்த மாதம் குவார்ட்டர்ஸில் என் கணவரின் நண்பர் வீட்டில் காதுகுத்து. தொழிற்சாலைக் குடும்பங்கள் எல்லாம் கூடியிருந்தன. போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. அங்கே வேலை இல்லாமல் போவது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். 'நீ இன்னா தப்பு பண்ணே' என்ற கேள்வியை என் வீட்டு ஹாலிலேயே என் காதால் கேட்டவள் நான். வீட்டிலேயே இருந்துவிடட்டுமா என்று கிளம்பும்போது கேட்டேன். அவர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு, "ஏன், உனுக்கு இன்னா?" என்றார்.

பந்தியில் உட்கார்ந்திருந்தோம். எதிர் வரிசையில் ஓய்வுபெற்ற ஒரு மாமா. மாமனாரோடு ஒரே ஷிஃப்ட்டில் இருந்தவர். இலையில் சாம்பாரை ஒதுக்கிக்கொண்டே, நல்ல மனதோடுதான், ஆனால் பந்தி முழுக்கக் கேட்கும்படி கேட்டார். "வேலைய வுட்டுட்டியாமே மா? ஏம்மா, இன்னா காரணம்?"

பரிமாறுகிறவர் வாளியோடு நின்றார். பக்கத்தில் இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் இலையிலிருந்து கையை எடுத்தார்.

"அவ வுடல மாமா. அவனுங்க அனுப்சிட்டானுங்க. மெமோவும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. எழ்திக் குடுடானு மூணு மாசம் கேட்டுகினே உக்காந்திருந்தா. ஒருத்தனாலயும் எழ்த முடியல." பிறகு இன்னும் சத்தமாக, "என் பொண்டாட்டி ஒரு தப்பும் பண்ணல" என்றார்.

மாமா தலையை ஆட்டினார். "த்சொ, மெமோகூட குடுக்கலியா?" என்றார். அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

இப்போது நான் வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். சின்ன இடம். நேர்காணலில் முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள், விடவில்லை, அனுப்பினார்கள் என்று சொன்னேன். எதிரே இருந்தவர் சிரித்துவிட்டு, தானும் அப்படித்தான் இங்கே வந்ததாகச் சொன்னார். இங்கேயும் எதுவும் உறுதி கிடையாது. நாளைக்கே ஒருவர் வந்து ஐந்து நிமிடம் பேசலாமா என்று கேட்கலாம். கேட்கட்டும். நான் என் லேப்டாப்பை எடுத்துக்கொண்டுதான் போவேன்.

அன்று பந்தியில் என் கண் கலங்கியது, காரம் என்று சமாளிக்கவில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கி, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.